முப்பத்து நான்கு டிகிரிப் பெட்டி

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அதன் பிறகு என் கையால் எழுதியதெல்லாம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் எலிகளின் எடையும்தான். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். எங்கள் தோட்ட மன்றத்தின் இந்த ஆண்டு மலரில் எழுதும் மற்றவர்கள் தலைவராகவோ செயலாளராகவோ இருந்தவர்கள். நான் எலிகளுக்கு ஆயாவாக இருந்தேன்.

போன மாதம் எங்கள் தோட்ட மருந்தகத்தில் நோய்க்கு மருந்து கொடுக்கப் புதிதாக வந்த டிரஸர், பழைய கட்டடத்தைச் சுத்தம் செய்தபோது என் எடைப் புத்தகத்தின் நகலைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். "அக்கா, மூணு வருஷம் ஒரு நாள் விடாம எழுதியிருக்கீங்க. இந்த ஒரு நாள் மட்டும் ஏன் வெறுமையா இருக்கு? லீவு போட்டீங்களா?" என்று கேட்டார். நான் லீவு போட்டதில்லை. வாயால் சொல்ல வராததால், "எழுதித் தர்றேன் தம்பி" என்றேன். அவர் அதை மன்றத்தில் சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கட்டுரை.

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னை, இடுப்பு வலி வந்த பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஆயாக்கொட்டகைக்கு மாற்றினார்கள். விடியும் முன் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இருபது தூளி, ஒரு ஆயா. பயிற்சி என்று எதுவும் கிடையாது. முதல் நாள் இருபது பிள்ளைகளும் சேர்ந்து அழுததுதான் பயிற்சி. அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் இது: அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குளிரில் அழுகையை நிறுத்திவிட்ட பிள்ளையைத்தான் உடனே பார்க்க வேண்டும்.

இந்த மலையில் மழைக்காலத்து விடியற்காலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வேண்டும் என்று ஆண்டுதோறும் மனு எழுதி, தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் கொடுப்பேன். ஆண்டுதோறும் ஒரே பதில்தான் வரும்: "மலைக் குளிர் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கு உகந்தது." பதில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்த மரியாதைக்காகவே அடுத்த மனுவையும் எழுதுவேன்.

எண்பதுகளின் நடுவில் டாக்டர் சற்குணம் வந்தார். தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூளையை ஆராய்கிறவர். அங்கே வெப்பத்தில் அவருடைய வெள்ளெலிகள் குட்டி போட மறுத்தனவாம். எங்கள் தோட்ட மேனேஜரான துரை அவரோடு பள்ளியில் படித்தவர். "எங்க மலைக்குக் கொண்டாந்துடு" என்று அழைத்துவிட்டார். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகும் எங்களுக்குத் துரை உண்டு, நிறம்தான் மாறியது.

ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடம் எலிவீடாயிற்று. இரண்டு வாரத்தில் மின்சாரம் இழுத்தார்கள். ஆலைத் தச்சர் ஒரு பெரிய பெட்டி செய்தார். மேலே கண்ணாடி மூடி, உள்ளே இரண்டு விளக்கு, ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தட்டு, ஒரு வெப்பமானி. அந்தப் பெட்டி எப்போதும் முப்பத்து நான்கு டிகிரியில் இருக்க வேண்டும். குட்டிகளின் ஆரோக்கியத்துக்கு மலைக் குளிர் உகந்ததல்லவாம். ஆலைச் சங்கு ஊதினால் தாய் எலிகள் கலவரப்பட்டுக் குட்டிகளைக் கடித்துவிடும் என்று டாக்டர் சொன்னதால் சங்கையும் நிறுத்தினார்கள். சங்கு ஊதாததால் பெரட்டுக்குப் பிந்தியவர்களைத் திருப்பி அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

இதே தோட்டத்தில் எலிக்கு விஷம் வைக்க நான்கு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. இப்போது எலிக்குப் பால்மாவு கரைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. துரை என் பெயரைச் சொன்னாராம். குட்டிகளைப் பார்த்துப் பழகியவளாம். ஆயாக்கொட்டகைக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டு என்னை எலிவீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று முதல் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் எனக்கு எலியாயா என்று பெயர். இது பதவி உயர்வா தண்டனையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

டாக்டர் நல்ல மனிதர். எலிவீட்டுக்குள் நுழையுமுன் சப்பாத்தைக் கழற்றுவார், இரண்டு கையையும் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவுவார். எலிகளிடம் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பேசுவார். எங்களிடம் பேசும்போது கையிலிருக்கும் அட்டையைப் பார்த்தே பேசுவார். என்னை "மிஸஸ்" என்பார். அதற்கு மேல் பெயர் எதுவும் சொல்ல மாட்டார். ஒரு முறை ஆயாக்கொட்டகையைப் பார்க்க வந்தபோது சேற்றுச் சப்பாத்தோடு தூளிகளுக்கு நடுவே நடந்தார்.

ஒரு மழை நாள் அவருக்குப் பேச ஆளில்லை. நான் ஆள் கணக்கில் இல்லை என்பதால் என்னிடம் பேசினார். மூளையில் உள்ள செல்கள் அபினைப் போல வேலை செய்யும் ஒரு பொருளைத் தாமே செய்துகொள்கின்றனவாம். அதையும் நேராகச் செய்வதில்லை. முதலில் நீளமாக ஒரு தாய்ப்பொருளைச் செய்கின்றன. பிறகு அதைத் தக்க இடங்களில் வெட்டிச் சிறு துண்டுகளாக்குகின்றன. துண்டுதான் வேலை செய்யும்.

"நீளப் பயற்றங்காய நறுக்கற மாதிரியா சார்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்து, "அப்படியும் சொல்லலாம்" என்று அட்டையில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் துரைக்கு விளக்கும்போது பயற்றங்காய் அவருடையதாகிவிட்டது.

பெரியவர்களுக்கு அந்தத் துண்டு வலியைத் தணிக்கும். பிறந்த குட்டிகளுக்கு அதனால் வேறொரு வேலையும் நடக்கிறது என்று டாக்டர் நம்பினார். மூளைச் செல்கள் பெருகுகிற வேகத்தை அது அடக்கி வைக்கிறதாம். போதும், மெதுவாக என்று சொல்கிறதாம். அந்தச் சொல் காதில் விழாமல் செய்ய ஓர் ஊசி இருக்கிறது. அதைப் பாதிக் குட்டிகளுக்கும், வெறும் உப்பு நீரை மறு பாதிக்கும் போட்டு, யாருடைய மூளை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

இது லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எலி மண்டையில் அபின் எடுக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. மாரிமுத்துக் கங்காணிக்கு முழங்கால் வலி. வழியில் என்னை மறித்தார்.

"ஏம்மா பாக்கியம், எலி மண்டையில அபினி இருக்காமே? ஒரு மண்டையக் குடேன், முட்டியில தேய்ச்சுப் பாக்கறேன்."

"உங்க மண்டையிலயே இருக்காம் கங்காணி."

"என் மண்டையில இருந்தா என் பொண்டாட்டி எப்பவோ எடுத்து வித்திருப்பா லா."

பெரிய கிராணிக்கு வேறு கவலை. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இங்க பாரு, அந்த வார்த்தைய வெளிய சொல்லாத. இப்ப சட்டம் எப்படி இருக்குன்னு தெரியுமில்ல? போலீஸ் வந்தா எலியத் தூக்குல போட மாட்டான். பேரேட்டுல கையெழுத்துப் போட்ட என்னத்தான் போடுவான்." அன்று முதல் தோட்டத்துப் புத்தகங்களில் அது "மூளைச் சத்து" என்று எழுதப்பட்டது.

என் வேலையைச் சொல்கிறேன். காலை ஏழு மணி என்றால் ஏழு மணி. முதலில் கூண்டில் கிடக்கும் பழைய மரத்தூளை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். மனித வாடை பட்டால் தாய் எலி குட்டியைச் சேர்க்காது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சூட்டுப் பெட்டியில் விட வேண்டும். தராசுத் தட்டையும் பெட்டியில் வைத்துச் சூடாக்கியிருப்பேன்; சில்லென்ற தட்டில் வைத்தால் குட்டி துள்ளும், எடை ஆடும். எடையை எழுதியதும் டாக்டர் ஊசி போடுவார். மருந்து போட்ட குட்டியின் முதுகில் ஒரு புள்ளி, உப்பு நீர் போட்டதற்கு இரண்டு புள்ளி. கொட்டகைப் பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் அதே ஊதா மருந்தால் வைப்பேன். இந்தப் புள்ளியைத் தினமும் புதிதாக வைக்க வேண்டும். தாய் எலி குட்டியை ஓயாமல் நக்கும். இன்று வைத்த புள்ளி நாளைக் காலையில் லேசான கறையாகத்தான் இருக்கும். ஒரு நாள் தவறினால் அதுவும் போய்விடும். அப்புறம் கடவுளுக்கே எது எதுவென்று தெரியாது.

இருபத்தோராம் நாள் டாக்டர் குட்டிகளைக் கூடையோடு உள்ளறைக்கு எடுத்துப் போவார். நான் அங்கே போனதில்லை. திரும்பி வரும்போது கூடை வெறுமையாக இருக்கும், ஐஸ் பெட்டி கனமாக இருக்கும்.

இனி அந்த வெறும் நாளுக்கு வருகிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. குட்டிகளுக்குப் பத்தாம் நாள். வெள்ளை மயிர் அப்போதுதான் அரும்பியிருந்தது, கண் திறக்கவில்லை. எட்டுத் தாய் எலிகளின் குட்டிகள் மொத்தத்தையும் பெட்டிக்குள் விட்டு, முதல் குட்டியைத் தட்டில் வைக்கப் போனேன். கதவை உடைப்பது போலத் தட்டிக்கொண்டு குமார் வந்தான். மருந்து தெளிக்கும் கூட்டத்தில் வேலை செய்கிறவன். அவன் மனைவி லெட்சுமிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அன்று விடியற்காலை லயத்திலேயே பெற்றுவிட்டாள். அவன் சட்டைக்குள்ளே, துண்டில் சுற்றி, ஒரு பிள்ளை இருந்தது.

"டாக்டர் சார், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போற பாதையில மண்ணு சரிஞ்சிருச்சு. லோரி போகல. அந்தப் பக்கம் போன டிரஸர் ஐயாவும் வர முடியல. நீங்கதான் பாக்கணும்."

டாக்டர் பின்வாங்கினார். "நான் அந்த டாக்டர் இல்ல. எனக்கு ஆட்களப் பாக்கத் தெரியாது."

"எலியப் பாக்கறீங்களே சார்!"

நான் துண்டை விலக்கிப் பார்த்தேன். பெண் பிள்ளை. ஒரு முழ நீளம்கூட இருக்காது. உதடு நீலம். காலைத் தொட்டேன், ஆற்றங்கல் மாதிரி சில்லென்றிருந்தது. அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கொட்டகையில் எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று கற்றிருந்தேனோ, அது இதுதான். ஓட இடமில்லை. பாதை அடைத்துக் கிடந்தது.

பெட்டியைப் பார்த்தேன். முப்பத்து நான்கு டிகிரி.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. "மிஸஸ், எடை வேண்டாம், விடுங்க. ஊசியும் புள்ளியும் மட்டும் முடிச்சுடுவோம். அப்புறம் பெட்டிய எடுத்துக்குங்க. அர மணி நேரம். மூணு வருஷ வேலை. இந்தக் குட்டிக் கூட்டத்தோட முடியுது."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டம்தான் கடைசி. அதற்காக அவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துச் சொன்னேன்: "இதுக்கு அர மணி நேரம் இல்ல சார்."

மூடியைத் திறந்து இரண்டு கையாலும் குட்டிகளை அள்ளினேன். மூலையில் கிடந்த கொழுந்துக் கூடையில் பஞ்சைப் போட்டு அதில் விட்டேன். பிறகு எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று பார்க்காமல் கூண்டுக்கு எட்டு, எட்டாகப் பங்கு வைத்தேன். தாய் எலிகள் வேற்றுக் குட்டி என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்து வயிற்றுக்கடியில் போட்டு நக்கத் தொடங்கின. ஆராய்ச்சி கண்ணெதிரே நக்கி அழிக்கப்பட்டதை டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளையைத் துடைத்து, பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினேன். குமார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

சற்று நேரத்தில் டாக்டர் பக்கத்தில் வந்தார். "முப்பத்து மூணுக்கு இறங்கிடுச்சு. மூடிய ரொம்ப நேரம் திறந்து வச்சுட்டீங்க" என்றார். தண்ணீர்த் தட்டில் வெந்நீர் ஊற்றச் சொன்னார். காற்றுப் போக ஓரத்தில் விரற்கடை இடைவெளி விடச் சொன்னார். சொட்டுக் குழாயை இரண்டு முறை கொதிக்க வைத்தார். லயத்திலிருந்து லெட்சுமியின் பாலைக் கிண்ணத்தில் எடுத்து வந்தார்கள். நான் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். ஒவ்வொரு கால் மணிக்கும் டாக்டர் வெப்பத்தைப் பார்த்து அட்டையில் எழுதினார். பிள்ளைக்காக எழுதினாரா, எழுதாமல் இருக்க முடியாமல் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு மேல் உதடு சிவந்தது. சிறிதாக ஒரு சத்தம் வந்தது. அது அழுகைதான். அறையில் எனக்கு மட்டுமே அது நல்ல செய்தி என்று தெரிந்தது. குமார் பதறி, "வலிக்குதா அக்கா?" என்று கேட்டான்.

"எடை?" என்றார் டாக்டர். எடை தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எலித் தராசு பிள்ளையைத் தாங்காது. ஆகவே கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசோடு மாரிமுத்துக் கங்காணி வரவழைக்கப்பட்டார். கூடையில் பஞ்சு, பஞ்சில் பிள்ளை. அறைக்குள்ளேயே, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு நொடி தூக்கினார்.

"ரெண்டர. கூடைக்கும் பஞ்சுக்கும் ஒண்ணேகால் போச்சு. மழைக்கு அர கழிச்சா, முக்கால் கிலோ" என்றார் கங்காணி.

டாக்டர் முக்கால் என்று எழுதிவிட்டார். குமாருக்கு முகம் சிவந்தது.

"மழைக்கு என்னாத்துக்குக் கழிக்கறீங்க? அது என் புள்ள, ஈரக் கொழுந்து இல்ல!"

"மழ நாள்ல அர கழிக்கறது வழக்கம் தம்பி. துரை உத்தரவு."

"எங்க அம்மாகிட்ட கழிச்சீங்க, லெட்சுமிகிட்ட கழிச்சீங்க, இன்னைக்குப் பொறந்த புள்ளகிட்டயுமா?"

கங்காணி தராசைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "சரி லா, சரி லா. ஒண்ணேகால்னு எழுதுங்க சார்" என்றார். முப்பது ஆண்டு கங்காணி வேலையில் அவர் கழித்ததைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாதையைத் திறந்தார்கள். நான்கு வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி, நடுவில் பிள்ளையை வைத்து, லோரியில் முன் இருக்கையில் குமாரை ஏற்றி அனுப்பினோம். இருட்டுமுன் லோரிக்காரர் திரும்பி வந்தார். "ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில போட்டிருக்காங்க. இங்க இருந்த பெட்டி மாதிரிதான், ஆனா எலி வாசம் இல்ல. புள்ள கத்துற கத்துல நர்ஸ் மிஸ்ஸிங்க காதப் பொத்திக்கறாங்க" என்றார்.

அன்றைய எடை வரிசையில் நான் எதுவும் எழுதவில்லை. அதுதான் அந்த வெறும் நாள்.

புள்ளி அழிந்த குட்டிகளால் ஆராய்ச்சிக்குப் பயனில்லை என்று முடிவாயிற்று. பயனற்றவை என்பதால் அவை உள்ளறைக்குப் போகவில்லை. கூண்டிலேயே தின்று கொழுத்து, கிழடாகி, தாமாகச் செத்தன. அறிவியலுக்கு உதவிய எலிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தலைக்குள் இருக்கும் அந்தத் துண்டு குட்டியின் மூளையை அடக்குகிறதா இல்லையா என்பதை எங்கள் தோட்டம் உலகத்துக்குச் சொல்ல முடியாமல் போனது என்னால்தான். படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். வேறு எங்காவது யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

லெட்சுமியின் மகளுக்கு இப்போது மூன்று வயது, ஆயாக்கொட்டகையில் இருக்கிறாள். மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறாள் என்று வாரம் ஒரு புகார் வருகிறது. "எலிப் பொட்டியில வச்சா கடிக்காம என்ன செய்யும்?" என்று மாரிமுத்துக் கங்காணி அதற்கும் என்னைத்தான் சொல்கிறார்.

பெட்டியில் பிள்ளை கிடந்த நாளுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல எலிவீட்டுக்குப் போனேன். குட்டிகள் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் முழுப் பெயர் என்ன என்று கேட்டார். மூன்று ஆண்டில் அவர் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. துரைக்கு எழுதும் புகாரில் போட வேண்டியிருந்தது. சொன்னேன், எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். பத்து மணிக்கு ஆலைத் தச்சர் வந்து, துரை உத்தரவு என்று சொல்லிப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டார். எலி தவிர வேறு எதையும் அதில் வைக்கக் கூடாதாம். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால், பெரிய கிராணி கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை என்னிடம் கொடுத்தார்.